நீலச் சாயத்தின் கொடுக்கல் வாங்கல்



ஈப்போவில் அலங்கார மீன் விற்கும் கடைக்குள் என்றாவது நுழைந்திருக்கிறீர்களா? மீன் உணவு அடுக்கியிருக்கும் அலமாரியில் ஒரு சிறு புட்டி இருக்கும். உள்ளே கருநீலத் திரவம். மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் தொட்டித் தண்ணீரில் அதைச் சில துளி விடுவார்கள். விரலில் பட்டால் எத்தனை முறை கழுவினாலும் எளிதில் போகாது.

அதன் பெயர் மெத்திலீன் நீலம்.

“மீன் தொட்டியில் விடும் இந்தச் சாயத்தை வைத்துப் புற்றுநோய்க் கட்டியின் வளர்ச்சியைக் குறைக்கப் பார்க்கிறார்களாமே, உண்மையா?” இப்படி ஒரு கேள்வி உங்களுக்கு வந்தால் நீங்கள் கெட்டிக்காரர்தான். ஒரு பொருளைப் பார்த்துவிட்டு “இது ஏன்? எப்படி?” என்று கேட்பவர்களிடமிருந்துதான் அறிவியல் தொடங்குகிறது. வாருங்கள், இதை எழுதும் மாமாவும் நீங்களுமாகப் பதில் தேடுவோம். அவசரம் வேண்டாம். ஒவ்வொரு படியாக ஏறுவோம்.

துணிச்சாயம் மருந்தானது

1876ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் காரோ என்ற வேதியியலாளர் பி.ஏ.எஸ்.எஃப். என்ற சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர்தான் மெத்திலீன் நீலத்தை முதலில் தயாரித்தார். எதற்குத் தெரியுமா? பருத்தித் துணிக்கு நிறமேற்றுவதற்கு!

அதே நாட்டில் பவுல் எர்லிஷ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். அவருக்குச் சாயங்கள் என்றால் உயிர். உடலின் மெல்லிய துண்டுகளில் சாயத்தை விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். எல்லா இடத்திலும் நீலம் ஒரே அளவில் ஒட்டவில்லை. சில உயிரணுக்கள் மட்டும் அதை ஆசையாகப் பிடித்துக்கொண்டன. மலேரியாக் கிருமியும் அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

எர்லிஷ் யோசித்தார். கிருமியைத் தேடிப் போய் ஒட்டுகிற சாயம் அந்தக் கிருமியைக் கொல்லவும் கூடுமோ? 1891இல் அவரும் பவுல் குட்மன் என்ற மருத்துவரும் பெர்லினில் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலீன் நீலம் கொடுத்தார்கள். இருவருக்கும் காய்ச்சல் தணிந்தது. செடியிலிருந்தோ மூலிகையிலிருந்தோ எடுக்காமல், முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு பொருள் மனிதருக்கு மருந்தாகியிருந்தது!

மலேரியா நம் பேராக் மண்ணுக்கும் பழைய எதிரிதான். 1877இல் கோலகங்சாரில் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. பிறகு காடுகளை வெட்டித் தோட்டங்கள் பெருகின. நிழலில் ஓடிய மலை ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் பட்ட தெளிந்த ஓடைநீரில்தான் மலேரியாவைப் பரப்பும் ஒரு வகை அனோபிலிஸ் கொசு செழித்து வளரும். லயத்து வீடுகளில் குளிர்காய்ச்சலில் நடுங்கிய கதையையும், கசக்கும் கொய்னா மருந்து விழுங்கிய கதையையும் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சுங்கை சிப்புட், தாப்பா, பத்து காஜா பக்கத்துப் பெரியவர்களுக்கு நிறையத் தெரியும்.

காய்ச்சல்காரரின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள் அல்லவா? அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். அந்தச் சாயக் கலவையிலும் மெத்திலீன் நீலம் உண்டு. கிருமியின் உடல் நீலமாகத் தெரியும். அதன் உட்கரு சிவப்பாகத் தெரியும்.

இதுவரை சரிதானே? துணிச்சாயம் கிருமியைக் காட்டும் சாயமாகி, பிறகு மருந்தாகவும் ஆனது. அடுத்த படி ஏறலாம்.

நிறம் போய் நிறம் வரும் புட்டி

இந்தச் சாயத்தின் முக்கியமான குணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடங்களில் செய்து காட்டும் ஒரு சோதனை இருக்கிறது. ஆசிரியர்தான் செய்ய வேண்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். இதில் சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணையும் தோலையும் அரித்துவிடும்.

ஒரு புட்டியில் தண்ணீர், குளுக்கோஸ் என்ற ஒரு வகைச் சீனி, சோடியம் ஹைட்ராக்சைடு. அதில் சில துளி மெத்திலீன் நீலம். மூடி வைத்துக் காத்திருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் மறைந்துவிடும். தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும்.

இப்போது ஆசிரியர் புட்டியைக் குலுக்குவார். மறுபடியும் நீலம்! வைத்தால் மறையும். குலுக்கினால் வரும். திரும்பத் திரும்ப நடக்கும்.

ஏன்? குளுக்கோஸிடம் கொடுக்க எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. எலெக்ட்ரான் என்பது அணுவுக்குள் இருக்கும் மிக மிகச் சிறிய துகள். மெத்திலீன் நீலம் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் நிறத்தை இழக்கிறது. புட்டியைக் குலுக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீரில் கலக்கிறது. சாயம் தன்னிடமிருந்த எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததும் நீலம் திரும்புகிறது.

சீனியிடம் வாங்குகிறது, ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாவற்றுக்கும் சாவி இதுதான்.

நம் உடம்பு சீனியை என்ன செய்கிறது?

நீங்கள் சாப்பிடும் சோறு, ரொட்டி, வாழைப்பழம் எல்லாம் குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆகின்றன. உயிரணு அந்தக் குளுக்கோஸை உடைத்து ஏ.டி.பி. என்ற பொருளைத் தயாரிக்கிறது. நீங்கள் ஓடவும், எழுதவும், கண் சிமிட்டவும் தேவைப்படும் சக்தி ஏ.டி.பி.யில்தான் இருக்கிறது.

1929இல் ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யெல்லாப்ரகட சுப்பாராவ். ஆந்திரப் பகுதியில் பிறந்தவர். சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளியிலும், பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து இதைக் கண்டார். பின்னாளில் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்த முதல் மருந்துகளில் ஒன்று அவருடைய குழு உருவாக்கியது. அவரைப் பற்றித் தனியாகத் தேடிப் படியுங்கள்.

சரி, உயிரணு குளுக்கோஸை இரண்டு வழியில் பயன்படுத்தும்.

முதல் வழி குறுக்கு வழி. ஆக்சிஜன் வேண்டாம். குளுக்கோஸைப் பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக்கிவிடும். ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. மட்டுமே கிடைக்கும். அம்மா அரைத்து வைக்கும் தோசை மாவு காலையில் புளித்திருக்கிறதே, அந்தப் புளிப்புக்குக் காரணம் மாவிலுள்ள நுண்ணுயிர்கள் தயாரிக்கும் லாக்டிக் அமிலம்தான். நீங்கள் மூச்சிரைக்க வேகமாக ஓடும்போது உங்கள் தசையும் இந்த வழியில் இறங்கும்.

இரண்டாவது வழி நீண்ட வழி. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புகள் இருக்கின்றன. அங்கே ஆக்சிஜனின் உதவியோடு குளுக்கோஸ் முழுமையாக உடைகிறது. ஒரு குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கிறது.

எது லாபம்? இரண்டாவது வழி என்று சட்டென்று சொல்லிவிட்டீர்கள். சபாஷ்!

வார்பர்க் கண்ட விந்தை

1920களில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் அறிவியலாளர் புற்றுநோய்க் கட்டியிலிருந்து மெல்லிய துண்டுகள் வெட்டிக் குடுவையில் இட்டார். அவை எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன, எவ்வளவு லாக்டிக் அமிலம் விடுகின்றன என்று அளந்தார். வியந்துபோனார்.

ஆக்சிஜன் தாராளமாக இருந்தது. அப்படியிருந்தும் அந்த உயிரணுக்கள் குறுக்கு வழியிலேயே போயின! குளுக்கோஸை ஏராளமாக விழுங்கி, லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளின. இதை இன்றும் ‘வார்பர்க் விளைவு’ என்கிறார்கள். உயிரணுக்களின் மூச்சைப் பற்றிய மற்றொரு கண்டுபிடிப்புக்காக அவர் 1931இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வளவு லாபத்தை விட்டுவிட்டு யாராவது நஷ்ட வழியில் போவார்களா? மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போய்விட்டது என்று வார்பர்க் நினைத்தார். ஆனால் பல கட்டிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். புற்று உயிரணுவுக்கு அவசரமான வேலை தன்னை இரண்டாகப் பெருக்குவது. புதிய உயிரணு கட்டக் கொழுப்பும் புரதமும் வேண்டும். குளுக்கோஸை முழுவதும் எரித்துவிடாமல் வைத்திருந்தால் அதிலிருந்து கட்டுமானப் பொருள் எடுக்கலாம். இதுவும் ஒரு காரணம் என்று இன்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள்.

பெட் ஸ்கேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் சிறிதளவு கதிரியக்கம் சேர்த்து ஊசியாகப் போடுவார்கள். பல கட்டிகள் அதை அதிகமாக விழுங்கும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். வார்பர்க் கண்ட விந்தை இப்படி மருத்துவமனையில் தினமும் பயன்படுகிறது.

ஒன்று மட்டும் கவனமாகக் கேளுங்கள். “சீனி சாப்பிடாமல் இருந்தால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் சீனியைத் தொடாவிட்டாலும் உடம்பு மற்ற உணவிலிருந்து குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும். நோயாளிக்கு எது உணவு என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வாளியைக் காலி செய்வது யார்?

இப்போது கொஞ்சம் கடினமான இடம். ஆனால் தோட்டத்துக் கதை கேட்டு வளர்ந்த உங்களுக்கு இது எளிது.

பால்மரத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே மரத்துக்கு மரம் போகிறார். வாளி நிறைந்துவிட்டது. இனி என்ன? வாளியைக் காலி செய்தால்தான் அடுத்த மரத்துப் பாலை எடுக்க முடியும். தூரத்தில் பால் ஸ்டோர் இருக்கிறது. அங்கே கொண்டுபோனால் முழுக் கூலி. பக்கத்திலேயே ஒரு சிறு தொட்டியும் இருக்கிறது. அதில் கொட்டினால் கூலி கிடையாது, ஆனால் வாளி உடனே காலியாகும்.

உயிரணுவிலும் இதுதான் நடக்கிறது. குளுக்கோஸை உடைக்கும்போது வெளிவரும் எலெக்ட்ரான்கள்தான் பால். அவற்றை ஏந்தும் ஒரு சிறு மூலக்கூறு இருக்கிறது, அதுதான் வாளி. மைட்டோகாண்ட்ரியா பால் ஸ்டோர். லாக்டிக் அமிலம் பக்கத்துத் தொட்டி. புற்று உயிரணு அவசரத்தில் தொட்டியிலேயே கொட்டிக்கொண்டு ஓடுகிறது.

அந்த நேரம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். நிறைந்த வாளியை வாங்கி, குறுக்குப் பாதையில் ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வெறும் வாளியைத் திருப்பித் தருகிறார். இனி தொட்டியில் கொட்ட வேண்டிய தேவை குறைகிறது அல்லவா?

அந்த மோட்டார் சைக்கிள்காரர்தான் மெத்திலீன் நீலம்! நீலப் புட்டியில் பார்த்த அதே கொடுக்கல் வாங்கல். எலெக்ட்ரான்களை வாங்கி, மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் இருக்கும் கடைசிப் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

புரிந்ததா? புரியாவிட்டால் தயங்காமல் மேலே உள்ள நான்கு பத்திகளை மறுபடி படியுங்கள். ஒரே தடவையில் புரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சோதனையில் என்ன நடந்தது?

2013இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநில ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியின் உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து மெத்திலீன் நீலம் கொடுத்தார்கள். உயிரணுக்கள் அதிக ஆக்சிஜன் எடுத்தன. லாக்டிக் அமிலம் குறைந்தது. அதோடு அவை பெருகும் வேகமும் குறைந்தது!

ஏன் குறைந்தது? உயிரணுவுக்குள் சக்தி நிலவரத்தைக் கவனிக்கும் ஒரு புரதம் உண்டு. வரவு செலவு மாறியதும் அது விழித்துக்கொண்டது. கொழுப்புத் தயாரிப்பை அடக்கியது. கொழுப்பு இல்லாமல் புதிய உயிரணுவுக்குச் சவ்வு எங்கிருந்து வரும்? பெருகும் வேலை தடுமாறியது. வழக்கமான மருந்துக்கு அடங்காத கட்டி உயிரணுக்களிலும் இந்தச் சாயம் பலன் காட்டியது.

2024இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. மனிதரின் சூலகப் புற்று உயிரணுக்களை எலிகளின் உடலில் வளரவிட்டு மெத்திலீன் நீலம் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டியின் வளர்ச்சி மெதுவானது.

கைதட்டத் தோன்றுகிறதா? தட்டுங்கள். ஆனால் அறிவியலாளராகப் போகிறவர் கைதட்டிய கையோடு ஒரு கேள்வியும் கேட்பார்: “இது நடந்தது எங்கே?” தட்டில். எலியில். மனித உடம்பு இவற்றைவிட மிகப் பெரியது, மிகச் சிக்கலானது. தட்டில் வென்ற மருந்துகளில் பெரும்பாலானவை மனிதரிடம் வெல்வதில்லை. எத்தனை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா, தீங்கு வந்ததா என்று பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆகவே மெத்திலீன் நீலம் இன்று புற்றுநோய்க்கான மருந்து ஆகிவிடவில்லை. ஆராய வேண்டிய நல்ல கேள்வியாக இருக்கிறது.

அதே குணம் காக்கும், அதே குணம் கெடுக்கும்

இந்தச் சாயம் வேறொரு நோய்க்கு உண்மையிலேயே உயிர் காக்கும் மருந்து. நம் இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபினில் உள்ள இரும்பினால். சில நச்சுப் பொருள்களால் அந்த இரும்பு ஓர் எலெக்ட்ரானை இழந்துவிடும். பிறகு ஆக்சிஜனைச் சுமக்காது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். மருத்துவர் மெத்திலீன் நீலத்தை இரத்தக்குழாயில் ஊசியாகக் கொடுப்பார். சாயம் எலெக்ட்ரானை இரும்புக்குத் திருப்பிக் கொடுக்கும். சிறிது நேரத்தில் நோயாளியின் நிறம் மாறும். அவருடைய சிறுநீர் மட்டும் கொஞ்ச நேரம் நீலப்பச்சையாகப் போகும்!

ஆனால் அளவு மிஞ்சினால் என்ன ஆகும்? அதே சாயம் இரும்பிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கத் தொடங்கும். தீர்க்க வந்த நோயையே உண்டாக்கும்.

இன்னும் கேளுங்கள். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். உங்கள் வகுப்பிலேயே இந்தக் குறைபாடு உள்ள நண்பர் இருக்கலாம். அந்துருண்டையைக் கிட்டே சேர்க்கக்கூடாது என்று அவர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். சாயம் கொடுப்பதற்கு முதலில் அதற்கு யாராவது எலெக்ட்ரான் தர வேண்டும் அல்லவா? இரத்த அணுவில் அதற்கு வழி செய்வது இந்த நொதிதான். அது குறைந்தவருக்கு மெத்திலீன் நீலம் கொடுத்தால் இரத்த அணுக்களே உடைந்துபோகும். மனச்சோர்வுக்கு எடுக்கும் சில மாத்திரைகளோடு சேர்ந்தாலும் இது பெரிய ஆபத்து.

அதனால் உங்களிடம் மாமா ஒரு வாக்குறுதி கேட்கிறேன். “நீலத் துளியைத் தண்ணீரில் கலந்து குடித்தால் புற்றுநோய் வராது” என்று கைப்பேசியில் யாராவது செய்தி அனுப்பினால், அதை வீட்டில் யாரும் செய்ய விடாதீர்கள். மீன் மருந்து மீனுக்கு. உடம்பில் யாருக்காவது கட்டி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் புற்றுநோய்கள் பலவற்றைக் குணப்படுத்த முடியும். காத்திருந்து நேரத்தை வீணாக்குவதுதான் பெரிய இழப்பு.

இப்போது உங்கள் முறை

எவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் பாருங்கள்! துணி, மலேரியா, இரத்தம், கட்டி. நான்கும் வேறு வேறு கதைகள். துணியை விட்டுவிடுங்கள், அங்கே சாயம் வெறும் சாயம்தான். மலேரியாக் கிருமிக்குள்ளும் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் குழப்பம் செய்கிறது. இரத்தத்திலும் கட்டியிலும் அதைப் பார்த்துவிட்டோம். ஒரு குணத்தை ஆழமாகப் புரிந்துகொண்டால் பல கதவுகள் திறக்கும். மாமா இன்று சொல்ல வந்தது இதைத்தான்.

கீழே மூன்று கேள்விகள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

ஒன்று. நீலப் புட்டியை விளிம்புவரை நிரப்பி, காற்றே இல்லாமல் மூடிக் குலுக்கினால் நிறம் திரும்புமா? ஏன்?

இரண்டு. புட்டியைப் பல தடவை குலுக்கிய பின் ஒரு கட்டத்தில் நீலம் மறைவதே நின்றுபோனால், உள்ளே எது தீர்ந்திருக்கும்?

மூன்று. ஒரு சாயம் எலிகளில் கட்டியின் வளர்ச்சியை மெதுவாக்கியது என்று செய்தித்தாளில் படிக்கிறீர்கள். அந்த ஆய்வாளரை நேரில் சந்தித்தால் அவரிடம் நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி எது?

மூன்றாவதற்கு ஒரே சரியான விடை கிடையாது. நல்ல கேள்வியாக யோசியுங்கள். ஒருவேளை இன்னும் யாரும் கேட்காத கேள்வியாக அது இருக்கலாம். அப்படியானால் பெரியவர்களாகிப் பதிலையும் நீங்களே தேடுங்கள்.